யூதத் திருமணத்தை நடப்பது நடப்பதுபோலவே படமெடுப்பது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதை என் வார்த்தைகளில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் ஆறேழு ஆண்டுகள் கல்யாணங்களுக்குக் கேண்டிட் படம் எடுத்திருக்கிறீர்கள். இப்போது லண்டனில் வேலை பார்க்கிறீர்கள். உடன் பணிபுரியும் யூதத் தோழி ஒருவர் தம் திருமணத்தை நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். யாரையும் நிறுத்தி வைத்து எடுக்க வேண்டாம், நடப்பதை நடப்பதுபோலவே எடுத்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார். எந்த லென்ஸ்களைக் கொண்டுபோவது, எந்தத் தருணங்களைத் தவறவிடக் கூடாது, சத்தமில்லாத ஷட்டர் உதவுமா என்பவை நீங்கள் எழுதியிருக்கும் கேள்விகள். அவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. மேளக்காரர் கெட்டிமேளத்துக்குக் கையை ஓங்குவதைக் கண்டதுமே உங்கள் கேமரா மாப்பிள்ளையின் கையை நோக்கித் திரும்பிவிடும். சடங்கின் ஒழுங்கே தெரியாத ஒரு மண்டபத்தில் எதைக் கண்டு அது திரும்பும்? என் பதில் பெரும்பாலும் இதைப் பற்றியது.

வட லண்டனில் 14 ஆண்டுகளாகத் திருமணங்களைப் படமெடுக்கிறேன். அவற்றில் அறுபதுக்குக் குறையாதவை யூதத் திருமணங்கள். பெரும்பாலானவை மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாஸி குடும்பங்களுடையவை. அவர்களிலும் சமய விதிகளைக் கடைப்பிடித்தபடியே நவீன வாழ்வு நடத்தும் நவீன ஆர்த்தடாக்ஸ் பிரிவினரும், அந்த விதிகளைத் தளர்த்திக்கொண்ட ரிஃபார்ம் பிரிவினருமே அதிகம். ஸ்பெயின், வட ஆப்பிரிக்க, மேற்காசிய வழிவந்த செஃபார்டி, மிஸ்ராகி குடும்பங்களின் திருமணங்களைச் சிலவே எடுத்திருக்கிறேன். மரபை மிகக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஹசிதியப் பிரிவினரின் திருமணம் ஒன்றைக்கூட எடுத்ததில்லை. ஆகவே கீழே வருவது எதையும் அவர்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊரில் 'கேண்டிட்' என்பது 'ட்ரெடிஷனல்' என்பதற்கு எதிரே வைத்து விற்கப்படும் ஒரு பேக்கேஜின் பெயர். நீண்ட லென்ஸில் தூரத்திலிருந்து எடுத்த, பின்னணி கரைந்துபோன, சிரிக்கும் முகம் என்பதே அதற்குப் பொருளாகிவிட்டது. உங்கள் தோழி கேட்பது அதுவாக இருக்காது. ஆவணப் பாணியில் முகத்தோடு சூழலும் வேண்டும்: யார் யாரைப் பார்த்து அழுகிறார், யார் யாருடைய தோளைப் பிடித்திருக்கிறார், அந்த அறையின் மூலையில் தாத்தா என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதெல்லாம் ஒரே சட்டகத்துக்குள் வர வேண்டும். அதற்கு நீங்கள் அருகில் நிற்க வேண்டும். அருகில் நிற்பவர் அடுத்து என்ன நடக்கும் என்று அறிந்து, அது நடப்பதற்கு அரை நிமிடம் முன்பே சரியான இடத்துக்குப் போயிருக்க வேண்டும். மறைந்திருந்து எடுப்பதைவிட முன்கூட்டியே அறிந்து எடுப்பதே இதன் உயிர் என்பது என் உறுதியான கருத்து.

எது நிச்சயம் நடக்கும், எது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் என்பதைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஹுப்பா எனப்படும், நான்கு கம்புகள் தாங்கும் துணிப் பந்தல், மோதிரம், திராட்சை ரசக் கிண்ணம், கெதுபா எனப்படும் திருமண ஒப்பந்தம், ஏழு ஆசீர்வாதங்கள், இறுதியில் கண்ணாடிக் குவளையை உடைப்பது ஆகிய இவை நான் எடுத்த எல்லாத் திருமணங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருந்தன. மற்றவையெல்லாம் மாறக்கூடியவை. மணமகள் மணமகனை ஏழு முறை சுற்றிவருவது அஷ்கெனாஸி வழக்கம். சில குடும்பங்களில் மூன்று முறை. சமத்துவம் வேண்டும் ஜோடிகள் ஆளுக்கு மூன்று முறை சுற்றிவிட்டு ஏழாவதைச் சேர்ந்து சுற்றுவதும் உண்டு. முக்காடிடும் சடங்கும், பந்தலிலிருந்து இறங்கியதும் இருவரும் தனியறைக்குள் போவதும் பல செஃபார்டி குடும்பங்களில் கிடையாது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடுவார்களா, தனித்தனியாகவா என்பதும் மாறும். எனவே இணையத்தில் கிடைக்கும் பொதுவான ஷாட் பட்டியல் ஒன்றை நம்பிப் போகாமல் தோழியிடம் ஒரு மணி நேரம் கேட்டு, அவர்கள் வீட்டு வரிசையை உங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்ததாகத் திருமணத்தை நடத்திவைக்கும் ரபியிடம், அதாவது யூத மதகுருவிடம், பேசுங்கள். நான் இதைத் தவிர்த்துவிட்டுப் போன ஒரே ஒரு முறை, பந்தலுக்கு அருகே வரக் கூடாது என்று எல்லார் முன்னிலையிலும் தடுக்கப்பட்டேன், தவறு என்னுடையது. ஃபிளாஷ் அனுமதி உண்டா, பந்தலைச் சுற்றி எதுவரை வரலாம், ஜோடி விருந்தினரைப் பார்த்து நிற்பார்களா அல்லது ரபியைப் பார்த்தா என்ற மூன்று கேள்விகள் போதும். மூன்றாவது கேள்வியின் பதில்தான் நீங்கள் நிற்கப் போகும் பக்கத்தை முடிவு செய்யும்.

நாளையும் வெளிச்சத்தையும் பொறுத்தவரை, வெள்ளி மாலை சூரியன் மறைவதற்கு முன்பிருந்து சனி இரவு வரை ஷபாத், அதாவது வேலை எதுவும் செய்யாத வாராந்தரப் புனித ஓய்வு நாள், என்பதால் அப்போது திருமணம் நடக்காது. திருமணத்துக்கு முந்தைய ஷபாத்தில் ஜெப ஆலயத்தில் மணமகனைத் தோரா எனப்படும் மறைநூல் சுருளுக்கு முன் அழைக்கும் நிகழ்வுக்கு உங்களையும் கூப்பிடலாம். ஆர்த்தடாக்ஸ் ஆலயமாக இருந்தால் விருந்தினராக மட்டும் போங்கள், கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கோடைக்கால லண்டனில் ஷபாத் முடியவே இரவு பத்து மணிக்கு மேல் ஆகிவிடுவதால் பெரும்பாலும் ஞாயிறுதான். இங்கிலாந்தின் 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் யூதர்களுக்கும், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கும் விலக்கு அளித்தது. அந்த விலக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்வதால், யூதத் திருமணத்துக்கு உரிமம் பெற்ற கட்டடமோ குறிப்பிட்ட நேரமோ தேவையில்லை. உங்களுக்கு இதன் பொருள், பந்தல் ஒரு தோட்டத்திலோ ஹோட்டல் கூடத்திலோ இரவு வானத்தின் கீழோ இருக்கலாம் என்பதே. அதே இடத்துக்கு அதே நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பந்தலின் துணியையும் விசாரியுங்கள்: வெள்ளைத் துணி வெளிச்சத்தை மென்மையாக இறக்கும், கருநீல வெல்வெட் அதை விழுங்கிவிட்டு முகங்களில் நீலம் பூசும். வெயிலில் பந்தலுக்கு உள்ளும் வெளியும் இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) வித்தியாசம் வரும்; அங்கே முகத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

உடையில் அடக்கம் தேவை. ஆணாக இருந்தால் தலையில் கிப்பா என்னும் சிறு தொப்பியை அணியுங்கள், வாசலிலேயே தருவார்கள். சமயப் பிடிப்புள்ள குடும்பங்களில் எதிர்ப்பாலரிடம் கைகுலுக்க நீங்களாகக் கையை நீட்ட வேண்டாம். கோஷர் எனப்படும் யூத உணவு விதிப்படி நடக்கும் கூடத்துக்குள் வெளி உணவை எடுத்துச் செல்லக் கூடாது; பையில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்டையும் காரில் வைத்துவிட்டுப் போங்கள். வாசலில் பாதுகாப்புச் சோதனை இருக்கும். உங்கள் பெயரையும் உதவியாளர் பெயரையும் முன்பே கொடுத்துவைத்தால், ஸ்டாண்டுகளும் பேட்டரிகளும் நிறைந்த பையோடு அரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்காது.

இனி அந்த நாளுக்கு வருவோம். பல ஜோடிகள் திருமணத்துக்கு முந்தைய ஒரு வாரம் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. பந்தலிலிருந்து இறங்கும்வரை இருவரும் நோன்பிருப்பதும் உண்டு. அந்தக் களைப்பும் காத்திருப்பும் முகத்தில் தெரியும். ஒப்பனை அறையில் பாட்டில்களையும் செருப்பையும் அடுக்கி எடுத்துக்கொண்டிருக்காமல் அந்த முகத்தைக் கவனியுங்கள். பிறகு மணமகனின் மேசையைச் சுற்றி ஆண்கள் கூடிப் பாடுவார்கள்; அவர் மறைநூல் பற்றி ஏதாவது பேசத் தொடங்குவார், நண்பர்கள் பாட்டால் குறுக்கிடுவார்கள். கெதுபாவில் சாட்சிகள் இருவர் கையெழுத்திடுவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். அருகிலேயே இரு தாய்மாரும் சேர்ந்து ஒரு தட்டை உடைப்பதும் உண்டு. அது ஒரு நொடியில் முடிந்துவிடும். யாரும் உங்களுக்கு முன்னறிவிப்புத் தர மாட்டார்கள். துணியில் சுற்றிய தட்டு ஒன்று யார் கையிலாவது தென்பட்டால் அவரை விட்டு நகராதீர்கள்.

அடுத்து வருவதுதான், என் கணிப்பில், அந்த நாளின் மிகச் சிறந்த படங்களைத் தரும் சில நிமிடங்கள்: பெடெக்கன் எனப்படும் முக்காடிடும் சடங்கு. மணமகள் ஒரு நாற்காலியில் அமர்ந்திருப்பார், இருபுறமும் இரு தாய்மார். நண்பர்கள் பாடி ஆடியபடி மணமகனை அழைத்து வருவார்கள். அவர் நெருங்கி வந்து அவள் முகத்தைப் பார்த்து, தம் கையாலேயே முக்காட்டை இறக்குவார். ராகேல் என்று நினைத்து லேயாளை மணந்த யாக்கோபின் கதை ஆதியாகமத்தில் வருகிறதல்லவா. அப்படி ஏமாற வேண்டாம் என்பதற்கான சடங்கு இது என்று வழக்கமாக விளக்கம் சொல்வார்கள். ஈசாக்கைத் தூரத்தில் கண்டதும் ரெபெக்காள் முக்காடிட்டுக்கொண்டதையும் இதனோடு இணைப்பார்கள். இரண்டில் எது மூலம் என்ற வாதம் நமக்குத் தேவையில்லை. படமெடுப்பவருக்கு முக்கியமானது இதுதான்: ஒரு வாரமாகப் பார்க்காத இருவர், நூறு பேர் சூழ்ந்து பாடும் சத்தத்துக்கு நடுவே, ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். தனியாக எடுப்பவராக இருந்தால் மணமகளின் நாற்காலிக்குச் சற்றுப் பின்னே, ஒரு தாயின் தோளுக்கு அருகில், 35 மி.மீ. லென்ஸோடு நின்றுகொள்ளுங்கள். முதலில் நடந்து வரும் மணமகனின் முகம் கிடைக்கும். அவர் குனியும்போது அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தால் இருவர் முகமும் கிடைக்கும். அதன்பின் தந்தையர் மகளின் தலைமேல் கைவைத்து ஆசீர்வதிப்பார்கள். இதற்குள் பல புகைப்படக்காரர்கள் மணமகன் பின்னால் ஓடிவிடுவார்கள். நீங்கள் அங்கேயே இருங்கள்.

பந்தலின் கீழ் இடம் நெருக்கடியானது. ரபி, இரு வீட்டுப் பெற்றோர், தோழர்கள் என்று பத்துப் பேர் நிற்பார்கள். மணமகள் மணமகனின் வலப்பக்கம் நிற்பார். மோதிரம் கல் பதிக்காத வெறும் வளையமாக இருக்கும். அது வலக்கையின் ஆள்காட்டி விரலில் போடப்படும். மோதிர விரலை எதிர்பார்த்து ஃபோகஸ் வைத்தவர்கள் அங்கே தடுமாறுவார்கள். அதைவிடப் பெரிய இடைஞ்சல், மோதிரம் போடுவதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று ரபி இரு சாட்சிகளையும் அருகே அழைப்பதுதான். நீங்கள் பார்த்துவைத்த இடைவெளியை அவர்களுடைய முதுகு அடைத்துவிடும். அவர்களை நகரச் சொல்லாதீர்கள். அவர்கள் பார்ப்பதால்தான் அந்தத் திருமணமே செல்லும். அந்த முதுகுகளுக்கிடையே தெரியும் கைகளை எடுங்கள்; அதுதான் நடந்ததன் உண்மையான வடிவம்.

மோதிரத்துக்குப் பின் கெதுபாவை அரமேய மொழியில் வாசிப்பார்கள். சில நிமிடங்கள் பந்தலில் எதுவும் அசையாது. இதை ஓய்வு நேரம் என்று எண்ணிவிட வேண்டாம். 85 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொண்டு விருந்தினர் பக்கம் திரும்புங்கள். முதியவர்களைத் தேடி எடுங்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த பல குடும்பங்களில், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய தலைமுறையின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு பாட்டி பேத்தியின் பந்தலைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் படத்துக்கு அந்த வீடுகளில் என்ன மதிப்பு என்பதை, ஆல்பத்தைக் கையில் கொடுத்த நாள்களில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஏழு ஆசீர்வாதங்களைச் சொல்ல ஒவ்வொருவராகப் பந்தலுக்கு அழைக்கப்படுவார்கள். அவர்கள் யார் யார் என்ற பட்டியலை முன்பே வாங்கிவையுங்கள். மணமகள் கிண்ணத்திலிருந்து பருகுவதற்காகத் தாயோ தோழியோ முக்காட்டை லேசாகத் தூக்கிப் பிடிப்பார். அந்தக் கையையும் மறக்காதீர்கள்.

குவளை உடைப்பதில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். தொடக்க காலத்தில் தரையோடு தரையாகக் குனிந்து, துணியில் சுற்றிய குவளைமேல் ஷூ இறங்கும் நொடியைத் தொடர் படங்களாக எடுத்தேன்; கிடைத்தது எவருடையதாகவும் இருக்கக்கூடிய ஒரு கறுப்பு ஷூ. நான் நிமிர்வதற்குள் 'மஸல் தோவ்' (வாழ்த்துகள்) என்ற பெருங்கூச்சல் அடங்கி, மணமகனின் தாய் கண்ணீரைத் துடைத்து முடித்திருந்தார். எருசலேம் ஆலயத்தின் அழிவை மகிழ்ச்சியின் உச்சத்திலும் மறக்கலாகாது என்பதற்காகவே குவளை உடைக்கப்படுகிறது என்பது பரவலான விளக்கம். பல இடங்களில் அதற்குச் சற்று முன், எருசலேமை மறவேன் என்னும் 137ஆம் சங்கீத அடிகளை எல்லாரும் மெதுவாகப் பாடுவார்கள். கூட்டம் கனத்துப்போய், அடுத்த நொடியே வெடித்துச் சிரிக்கும் அந்தத் திருப்பம் முகங்களில்தான் இருக்கிறது. ஆகவே இப்போதெல்லாம் நின்றபடி, 24 மி.மீ. லென்ஸில், ஜோடியையும் பெற்றோரையும் ஒன்றாகப் பிடித்துவிடுகிறேன். குவளை சட்டகத்தின் அடியில் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் யாரும் அதைக் கேட்டதில்லை.

பந்தலிலிருந்து ஜோடி நேராக ஒரு தனியறைக்குப் போவார்கள். வாசலில் சாட்சிகள் நிற்பார்கள். இதற்கு யிஹூத் என்று பெயர். கணவன் மனைவியாக அவர்கள் தனித்திருக்கும் முதல் நிமிடங்கள் அவை. கதவு சாத்தப்படுவதை எடுங்கள். அதோடு கேமராவை இறக்கிவிடுங்கள். உள்ளே ஒரே ஒரு படம் என்று கேட்கக்கூடக் கூடாது என்பது என் கொள்கை. அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் குடும்பப் படங்களுக்கு ஆள்களைத் திரட்டுங்கள். போஸ் வேண்டாம் என்று தோழி சொல்லியிருந்தாலும் இரு வீட்டாரையும் நிறுத்தி ஆறேழு குழுப்படங்கள் எடுத்துக்கொடுங்கள். ஆவணப் பாணியின் பெயரால் அதை மறுப்பதை நான் ஏற்பதில்லை. பத்தாண்டு கழித்து அந்த வீட்டுச் சுவரில் தொங்கப்போவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆட்டம் தொடங்கியதும் உங்கள் உடம்புக்கு வேலை வந்துவிடும். ஜோடியை நடுவில் வைத்து வட்டத்துக்குள் வட்டமாக ஆடுவார்கள். வெளி வட்டத்தில் நின்றால் முதுகுகள் மட்டுமே கிடைக்கும். இசை தொடங்குவதற்கு முன்பே நடுவில் போய் நின்றுகொள்ளுங்கள். கூடத்தின் இரு மூலைகளில் உயரமான ஸ்டாண்டில் இரண்டு ஃபிளாஷ்களை ரேடியோ ட்ரிகரோடு வைத்து, ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை போட்டுவிடுங்கள். 24 மி.மீ., எஃப் 5.6, ஃபோகஸை இரண்டு மீட்டரில் பூட்டிவிட்டால் கண்ணால் பார்க்காமலே எடுக்கலாம். இருவரையும் நாற்காலியோடு தூக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். நாற்காலி சாயும்போது மணமகள் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அலறிச் சிரிப்பார். இருவரும் ஒரு கைக்குட்டையின் இரு முனைகளைப் பிடிக்க எட்டுவார்கள். கீழே தூக்கிக்கொண்டிருப்பவர்களின் முகங்களும் வர வேண்டும் என்பதால் கேமராவைத் தலைக்குமேல் முழுக்க உயர்த்தாதீர்கள். நடுவில் மெஹிட்ஸா என்ற தடுப்பு இருந்து பெண்கள் தனியே ஆடினால், ஆணாகிய நான் கேட்காமல் அந்தப் பக்கம் போவதில்லை. அத்தகைய திருமணங்களுக்குப் பெண் புகைப்படக்காரர் ஒருவரைச் சமபங்கில் சேர்த்துக்கொள்கிறேன். எனக்குக் கிடைக்கவே முடியாத படங்கள் அவருக்குக் கிடைக்கும்.

சத்தமில்லாத ஷட்டர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பந்தலுக்கு அருகே அது பெரிய உதவிதான். ஆனால் எல்ஈடி விளக்குகள் உள்ள கூடத்தில் சில கேமராக்களில் படத்தின் குறுக்கே பட்டைகள் விழும். இது கேமராவையும் விளக்கையும் பொறுத்தது என்பதால் முன்னோட்டம் பார்க்கும் நாளிலேயே சோதித்துவிடுங்கள். படங்களைத் திருத்தும்போது அழகுக்காக எதையும் இடவலமாகப் புரட்டிவிடாதீர்கள். பின்னணியில் இருக்கும் எபிரேய எழுத்து இடவலம் மாறிவிட்டதை உங்களைத் தவிர எல்லாரும் கண்டுபிடிப்பார்கள். எபிரேயம் வலமிருந்து இடமாகச் செல்வதால், ஆல்பம் எந்தப் பக்கமிருந்து திறக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தின் சம்மதமில்லாமல் ஒரு படத்தையும் பொதுவில் போடாதீர்கள். இடத்தின் பெயரை ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

ஒன்றை மட்டும் தோழியிடம் இப்போதே கேட்டு வையுங்கள்: உணவுக்குப் பின் நன்றி ஜெபம் எத்தனை மணிக்கு? நடனம் ஓய்ந்ததும் புகைப்படக்காரரின் நேரம் முடிந்துவிட்டது என்று பலரும் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஜெபத்தின் முடிவில், களைத்துப்போன நெருங்கிய உறவினர் மட்டும் மேசையைச் சுற்றி மிஞ்சியிருக்க, ஏழு ஆசீர்வாதங்களும் மறுபடி சொல்லப்படும். பிறகு இரண்டு கிண்ணங்களின் திராட்சை ரசத்தை ஒன்றாகக் கலந்து ஜோடிக்குப் பருகத் தருவார்கள். அப்போது கூடத்தின் பெரிய விளக்குகள் பாதி அணைந்திருக்கும். கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 6400க்கு உயர்த்திக்கொள்ளுங்கள், ஃபிளாஷை எடுக்க வேண்டாம்.